தாராவியின் தலைக்கணக்கு

மும்பையின் மற்றப் பகுதிகளில் சாலைகளுக்குத் தலைவர்களின் பெயர். தாராவியில் அகலமே பெயர். தொண்ணூறு அடிச் சாலை, அறுபது அடிச் சாலை என்று சொன்னால்தான் டாக்சிக்காரருக்கு வழி புரியும். தொண்ணூறு அடி என்பது காகிதத்தில். காய்கறி வண்டிகளும் நிறுத்தி வைத்த டெம்போக்களும் போக மீதி எத்தனை அடி என்று எந்தப் பொறியாளரும் அளந்து சொல்வதில்லை. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பல சந்துகளுக்குப் பெயரும் இல்லை, அகலமும் இல்லை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். காலடியில் கல் பாவிய சாக்கடை, அதை ஒட்டியே குடிநீர்க் குழாய், தலைக்கு மேல் மின்கம்பிக் கொத்து.

இது ஊரா, குடிசைப்பகுதியா? அரசாங்கக் கோப்புகளில் ஒரே பதில்தான். ஆனால் கொரோனா காலத்தில் மும்பை மாநகராட்சி சொன்ன கணக்குப்படி, சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சம் பேர் இங்கே வாழ்ந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சி முழுவதிலும் இருந்தவர்கள் 4.73 லட்சம். நெல்லையை விடப் பெரிய ஊர் ஒன்று மாஹிம் ஸ்டேஷனுக்கும் சயான் ஸ்டேஷனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதில் கணிசமானவர்கள் நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறியவர்கள்.

ஓர் ஊருக்கு என்னென்ன வேண்டும்? கோயில், பள்ளிக்கூடம், சந்தை, தண்ணீர், வெளிச்சம், வைத்தியர், ஒதுங்க ஓர் இடம். இவை ஒவ்வொன்றும் தாராவிக்கு எந்த வரிசையில் வந்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஊர்க்காரர்கள் தாங்களே கட்டிக்கொள்ள முடிந்தவை முதலில் வந்துவிட்டன. அரசாங்கம் மட்டுமே தரக்கூடியவை கடைசியில் வந்தன. நடுவில் அரை நூற்றாண்டு இடைவெளி. அதற்குப் பணத்தட்டுப்பாடு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆதியில் இது கோலி மீனவர்களின் கிராமம். மித்தி ஆறு கடலைத் தொடும் இடத்துச் சதுப்பு நிலம். 1737ல் ஆங்கிலேயர்கள் காவலுக்குக் கட்டிய காலா கில்லா என்ற குட்டிக் கோட்டையின் பெயர் இன்றும் ஒரு பேட்டைக்கு இருக்கிறது. சதுப்பு தூர்ந்து மேடான பிறகு சௌராஷ்டிரக் குயவர்கள் வந்தார்கள். அவர்கள் சக்கரம் சுற்றிய இடம் கும்பார்வாடா. தோல் பதனிடும் பட்டறைகள் வந்தன. நெல்லை மாவட்டத்து முஸ்லிம்கள் அவற்றை நடத்த, அதே மாவட்டத்து ஆதி திராவிடர்கள் அவற்றில் வேலைக்கு வந்தார்கள். ஊரில் மழையை நம்பிய காட்டில் அடுத்தவர் நிலத்தில் உழுதவர்கள். பம்பாயில் அவர்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்புத் தொட்டி. துர்நாற்றம் பிடித்த தொழில் என்று நகரம் தன் விளிம்புக்குத் தள்ளிய வேலை அது. வேலை விளிம்பில், வேலை செய்பவர்களும் விளிம்பில்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பிள்ளையார் கோயில் 1913ல் எழும்பியது. தாராவியின் முதல் பள்ளிக்கூடம் என்று சொல்லப்படுவது 1924ல் தமிழர்கள் தொடங்கியது. ஊர்ச்சங்கம், சீட்டு, கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை எல்லாம் தானாக முளைத்தன. தை மாதம் பிறந்தால் தொண்ணூறு அடிச் சாலையிலும் சந்து முனைகளிலும் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். அறுத்து அடிக்க நெல் இல்லை, அடித்துப் போடக் களம் இல்லை, தார்ச்சாலையே களம். நிலத்தை விட்டு வந்தாலும் விவசாயியின் ஊர்தான் இது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

தாங்களே செய்துகொள்ள முடியாதது தண்ணீர். மும்பைக்குத் தண்ணீர் தரும் தான்சா ஏரி நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து குழாய் போட எந்த ஊர்ச்சங்கத்தாலும் ஆகாது. அதே போலத்தான் பாதாளச் சாக்கடையும்.

இங்கே மாதுங்காவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாதுங்கா. 1896ல் பம்பாயில் பிளேக் பரவியது. பயந்துபோன அரசாங்கம் 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. தாதர், மாதுங்கா வயல்வெளிகளில் அந்த டிரஸ்ட் மனை பிரித்தது, சாலை போட்டது, சாக்கடை புதைத்தது. பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். குமாஸ்தா வேலைக்கும் டைப்பிங் வேலைக்கும் தெற்கிலிருந்து வந்த தமிழர்கள் குழாய் தயாராக இருந்த தெருக்களில் குடியேறினார்கள். 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவானது. 1963ல் சண்முகானந்தா மண்டபம் திறந்தது. காப்பிப்பொடியும் வெற்றிலையும் மல்லிகைப்பூவும் தேடி மும்பைத் தமிழர்கள் இன்றும் மாதுங்காவுக்குத்தான் வருகிறார்கள். வசதி கூடியவர்கள் பிறகு செம்பூருக்குப் போனபோது சபாவும் கோயிலும் கூடவே போயின.

மாதுங்காவில் குழாய் முதலில், குடித்தனம் பிறகு. தாராவியில் குடித்தனம் முதலில். குழாய் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை கழித்து. இரண்டு இடத்திலும் பேசியது தமிழ்தான். ஜாதி வேறு, வேலை வேறு. மும்பைத் தமிழர் சங்கங்களின் மலர்களில் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

தாராவிக்கு ஏன் அத்தனை தாமதம்? மாநகராட்சியின் பார்வையில் அங்கே யாரும் வசிக்கவில்லை. இருந்தார்கள், ஆனால் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவனுக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று எப்படித் திட்டம் போடுவது? குடிசை என்றால் இடிப்பது என்பதே கொள்கையாக இருந்தது. 1971ல் மகாராஷ்டிர அரசு குடிசைப்பகுதிச் சட்டம் கொண்டுவந்தது. இடிப்பது மட்டுமின்றி வசதி செய்து தருவதும் அரசின் வேலை என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டது. 1976 ஜனவரியில் மும்பைக் குடிசைகளை எண்ணினார்கள். எண்ணப்பட்ட குடும்பத்துக்குப் போட்டோ பாஸ் கிடைத்தது. குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட அந்தப் படம் ஒட்டிய அட்டையைப் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் உண்டு. காரணமில்லாமல் இல்லை. அந்த அட்டைக்குப் பிறகுதான் குழாய், விளக்கு, கழிப்பறை எல்லாம்.

போகப்போக இது தலைகீழாகவும் வேலை செய்யத் தொடங்கியது. எண்ணினால் வசதி என்றிருந்தது, வசதியே எண்ணிக்கைக்குச் சான்று என்றானது. பெஸ்ட் நிறுவனத்தின் மின் கட்டண ரசீது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, இந்தக் கோலியில் இந்த வருஷம் இன்னார் இருந்தார் என்பதற்கும் சாட்சி. (ஒற்றை அறை வீட்டுக்கு மும்பைத் தமிழில் கோலி என்று பெயர்.) ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்காதவர் கூட கார்டைப் புதுப்பிக்காமல் விடமாட்டார். தாராவியில் ஒரு தாய் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கும் முதல் பாடம், எந்தப் பாவ்தியையும் கிழித்துப் போடாதே என்பது. பாவ்தி என்றால் ரசீது.

எண்ணுவதை அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்று கண்டுகொண்டவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம். செம்பூரைத் தாண்டி அணுசக்தி ஆய்வு மையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனிதான் அவருடைய களம். அங்கே குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை. மனு எழுதிப் பார்த்தார்கள். பிறகு அவர் காலனிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, ஊர்வலமாகக் கூட்டிப்போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தார். அதன் பிறகு குப்பை வண்டி வந்தது.

வெற்றி நீடிக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், ஜனதா காலனியையே இடித்து மக்களைச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். பத்தாயிரக்கணக்கானவர்கள் ஒரு சதுப்புக் காட்டில் மறுபடி கிணற்றிலிருந்து ஆரம்பித்தார்கள். ஜோக்கின் அதற்கு முன்பே தொடங்கியிருந்த தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. எந்தக் குடியிருப்பாக இருந்தாலும் முதல் வேலை, அங்கிருப்பவர்களே வீடு வீடாகப் போய்த் தங்களை எண்ணிக்கொள்வது. 1985ல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பெரும் பங்கு தாராவிக்கு என்றானபோது, அரசாங்கம் தன் கணக்கைச் சொன்னது. கூட்டமைப்பு தன் கணக்கை எடுத்தது. மக்கள் எடுத்த கணக்கில் வந்த தலைகள் அரசாங்கம் சொன்னதை விட மிக அதிகம். அந்தத் திட்டத்தில் சாலைகள் அகலமாயின, சில மாடிக் கட்டடங்கள் வந்தன, தோல் பட்டறைகள் தேவனார் பக்கம் நகரத் தொடங்கின. எல்லோருக்கும் வீடு வரவில்லை.

ஜோக்கினுக்கு 2000ல் மகசேசே விருது, 2011ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். விருதுகளை விட அவருடைய வேலை எவ்வளவு தூரம் போனது என்பதுதான் வியப்பு. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாடு. அதன் வடபகுதியில் யாம் கிழங்கும் சோளமும் விளையும் சிற்றூர்கள். மழை தவறினாலோ சண்டை மூண்டாலோ அங்கிருந்து கிளம்புபவர்கள் தலைநகர் அக்ராவில் ஓல்டு ஃபடாமா என்ற குடிசைப்பகுதிக்கு வந்து சேர்கிறார்கள். 2002ல் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜோக்கின் துணை நின்று 1996ல் உருவான சர்வதேசக் குடிசைவாழ் மக்கள் அமைப்போடு கானா மக்களும் சேர்ந்தார்கள். ஓல்டு ஃபடாமாவாசிகள் நோட்டும் சுண்ணாம்புக் கட்டியுமாக வீடு வீடாகப் போய்த் தங்களை எண்ணினார்கள். செம்பூரில் பிறந்த வழக்கம் அது. நெல்லைக் கரிசலிலிருந்து வந்தவனுக்கும் கானா வடக்கிலிருந்து வந்தவனுக்கும் நகரத்தில் முதலில் தேவைப்படுவது ஒரே பொருள்தான்: பட்டியலில் ஒரு வரி.

பட்டியலில் வந்த பிறகும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ல் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை தாராவியில் 1,440 பேருக்கு ஒரு கழிப்பறை என்று எழுதியது. படித்தவர்கள் அதிர்ந்தார்கள். தாராவிப் பெண்களுக்கு அதில் புதிய தகவல் ஏதும் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து வரிசை பிடித்தவர்கள் அவர்கள். உலக வங்கிக் கடனில் மும்பையில் பொதுக் கழிப்பறைத் திட்டம் வந்தபோது, ஜோக்கினின் கூட்டமைப்பும் பெண்களின் மகிளா மிலன் அமைப்பும் கட்டும் வேலையை வாங்கிக்கொண்டன. அவர்கள் செய்த மாறுதல்கள் பொறியாளர் புத்தகத்தில் இல்லாதவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை என்றால் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள். ஆகவே தனி வாசல். பெரியவர்கள் அவசரத்தில் குழந்தைகளை விலக்கிவிடுகிறார்கள், குழந்தைகள் வெளியே சாக்கடை ஓரம் உட்காருகிறார்கள். ஆகவே குழந்தைகளுக்குச் சின்ன அளவில் தனி இருக்கைகள். காவலாளி இல்லாத கழிப்பறை ஆறு மாதத்தில் பாழாகும். ஆகவே அதன் மேலேயே அவர் குடும்பத்துக்கு ஓர் அறை. குடும்பத்துக்கு மாதக் கட்டணம். இதை யோசிக்க ஐ.ஐ.டி. தேவைப்படவில்லை, வரிசையில் நின்ற அனுபவம் போதுமாக இருந்தது.

கராச்சியில் ஒராங்கி என்ற பகுதியில் 1980லேயே இப்படி ஒன்று நடந்தது. அக்தர் ஹமீத் கான் என்பவர் ஒரு சந்தை, அதாவது இருபது முப்பது வீடுகளை, ஓர் அலகாக வைத்துக்கொண்டு மக்கள் காசிலேயே சாக்கடை போடவைத்தார். வீட்டுக்குள்ளும் சந்துக்குள்ளும் மக்கள் பொறுப்பு. பெரிய வடிகால் அரசாங்கத்தின் பொறுப்பு. பங்கு பிரித்தது நியாயமாகத்தான் தெரிகிறது. தாராவியில் சிக்கல் வேறு. வீட்டுக்குள் கழிப்பறை கட்ட இடமே இல்லை. நூறு சதுர அடிக் கோலியில் அடுப்பும் பாயும் போக மிஞ்சுவது டிரம் வைக்கும் மூலை மட்டும்.

அந்த நீல டிரம்தான் வீட்டின் கிணறு. தண்ணீர் வருவது சில மணி நேரம், பெரும்பாலும் விடியற்காலையில். மாநகராட்சி தனி வீட்டுக்கு இணைப்பு தருவது அபூர்வம். பல குடும்பங்கள் கூட்டாக விண்ணப்பித்து ஒரு குழாய் வாங்க வேண்டும். ஆகவே ஒரு குழாய் என்பது ஒரு சின்ன அரசாங்கம். யார் முதலில், யாருக்கு எத்தனை குடம், பிரசவித்த வீட்டுக்கு எத்தனை அதிகம், பில் வந்தால் யார் வசூலிப்பது எல்லாவற்றுக்கும் எழுதாத சட்டம் உண்டு. “ஏக்கா, ஒங்க டிரம் நெறஞ்சிட்டா?” என்ற கேள்வியில் தொடங்கிச் சண்டையும் வரும், சம்பந்தமும் வரும். இட்லி அவித்து சைக்கிளிலும் தலைச்சுமையிலும் மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்பவர்கள் தாராவித் தமிழர்கள். அவர்களுக்கு இந்தத் தண்ணீர் தொழிலின் மூலப்பொருள். ஒரு நாள் குழாய் ஏமாற்றினால் மறுநாள் அலுவலக வாசல்களில் காலைப் பலகாரம் இல்லை.

இந்தத் தண்ணீருக்கும் ஒரு தேதி இருந்தது. 1995 ஜனவரி 1க்குப் பிறகு வந்தவர்களின் குடிசைக்குக் குடிநீர் இணைப்பு கிடையாது என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். தாகம் எந்த வருஷம் வந்தது என்று பார்த்துத் தண்ணீர் கொடுக்கும் முறை. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. குடியிருப்பு சட்டவிரோதமாக இருந்தாலும் குடிநீர் என்பது உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். வீட்டை ஒழுங்குபடுத்துவது வேறு, குடிக்கத் தண்ணீர் தருவது வேறு என்று நீதிமன்றம் வந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி விஷயத்தில் தாராவிக்கு அதிர்ஷ்டம்; 1947ல் தொடங்கிய மாநகராட்சியின் சயான் மருத்துவமனை நடக்கும் தூரத்தில். அதன் கிளையான சுகாதார மையத்துக்கு மக்கள் வைத்த பெயர் சோட்டா சயான். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனால் பெற்றோரின் கண் இப்போது ஆங்கிலப் பள்ளியின் மீது. காமராஜர் பெயரில் உள்ள பள்ளியே ஆங்கிலவழிப் பள்ளிதான். பூங்கா என்று பார்த்தால், முன்பு நகரத்தின் குப்பைமேடாக இருந்த இடத்தில் 1994ல் திறந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா பக்கத்தில் இருக்கிறது. மரங்கள் நன்றாக வளர்ந்துவிட்டன.

இந்த வசதிகளுக்கெல்லாம் ஒரு பெரிய பரீட்சை 2020ல் வந்தது. ஏப்ரல் 1ல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். இனி அவ்வளவுதான் என்று நகரமே நினைத்தது. தாராவிவாசிகளில் எண்பது சதவீதம் பேர் 450 பொதுக் கழிப்பறைகளை நம்பியிருந்தார்கள் என்று மாநகராட்சியே சொன்னது. தள்ளி நில்லுங்கள் என்று யாரிடம் சொல்வது? கழிப்பறைகளை நாளுக்குப் பல முறை கழுவினார்கள். உள்ளூர் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள். ராஜீவ் காந்தி விளையாட்டரங்கம் தனிமை முகாம் ஆனது, பள்ளிகளும் மண்டபங்களும் அப்படியே. ஊருக்குப் போக முடிந்தவர்கள் ரயிலும் பஸ்ஸும் பிடித்தார்கள். ஜூலை 10ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அந்த மூன்று மாதமும் மாநகராட்சி ஊழியர்கள் எந்தக் கதவிலும் நீ எந்த வருஷம் வந்தாய், கீழ்த்தளமா மாடியா என்று கேட்கவில்லை. கிருமி எல்லாத் தளத்திலும் ஏறும் என்பதால் அன்றைக்கு எல்லோரும் தாராவிவாசிகள்.

அந்தக் கேள்வி இப்போது திரும்பி வந்திருக்கிறது. தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு 2004லிருந்து நடக்கிறது. டெண்டர்கள் வந்தன, ரத்தாயின. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் அதானி குழுமம் டெண்டரை வென்றது. மகாராஷ்டிர அரசும் அந்தக் குழுமமும் சேர்ந்த நிறுவனத்துக்கு வேலை போனது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதம் பெருந்திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது.

யாருக்கு என்ன என்று அரசு வகுத்த கணக்கு இது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கும் கீழ்த்தளக் குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1க்குள் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. 2011க்குப் பின் வந்தவர்களுக்கும், 2022 நவம்பர் 15 வரை மேல்தளத்தில் குடியிருந்தவர்களுக்கும் வெளியே வாடகைத் தவணையில் வீடு. வெளியே என்பதற்கு அடிபடும் இடங்கள் முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்கள், குர்லா பால்பண்ணை நிலம், தேவனார் குப்பைமேடு. முந்தைய திட்டங்களில் மாடிக்காரர்களுக்கு இந்த அளவு கூடக் கிடையாது என்று அரசுத் தரப்பு சொல்கிறது. அது உண்மைதான்.

ஆனால் தாராவியில் மாடி என்பது என்ன? கீழே ஒரு கோலி. வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மேலே இன்னொரு கோலி, அதற்கு மேலும் சில இடங்களில் ஒன்று. கீழ்வீட்டுக்காரருக்கு மின் மீட்டர். மேலே அவர் இழுத்துக்கொடுத்த கம்பியில் விளக்கும் விசிறியும். குழாயில் பெயர் அவருடையது, ரசீது அவருடையது. மாடியில் இருபது வருஷம் வாடகை கொடுத்துக் குடியிருந்தவரிடம் தன் பெயரில் ஒரு பாவ்தியும் இருக்காது. ஊரின் எல்லா வசதியையும் அனுபவித்தவர்தான், வசதி விட்டுப்போகும் தடயம் மட்டும் அவர் கையில் இல்லை. தேவனாருக்குப் போனால் அவருடைய இட்லி வியாபாரமும் மனைவியின் முறுக்கு பிழிகிற கூலியும் கூடவே வருமா என்பது யார் கணக்கிலும் இல்லை. கும்பார்வாடாக் குயவருக்கும் இதே கவலைதான், கீழ்த்தளத்தில் இருந்தாலும். அவருக்கு வேண்டியது 350 சதுர அடி மட்டுமல்ல, சூளை போடும் முற்றம். பத்தாவது மாடியில் சூளை எரிக்க முடியாது. சந்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அப்பளம் உலர்த்தும் பெண்ணுக்கு அந்தச் சந்து ஒரு தொழிற்சாலை. நடைபாதை என்றுதான் வரைபடத்தில் அது விழும்.

புது வீடு வேண்டாம் என்று தாராவியில் சொல்பவர்கள் குறைவு. வீட்டுக்குள் சொந்தக் கழிப்பறை என்பது மூன்று தலைமுறைப் பெண்களின் கனவு. மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் பாயை நனைப்பதை யாரும் பெருமையாக நினைக்கவில்லை. வெளியிலிருந்து வந்து கூட்டு வாழ்க்கை, சிறுதொழில் என்று மெச்சிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் கேட்பது சின்ன விஷயம். எண்ணுவதாக இருந்தால் எங்களோடு உட்கார்ந்து எண்ணுங்கள், எண்ணிய பட்டியலைச் சந்து முனையில் ஒட்டுங்கள், விட்டுப்போனவரைச் சேர்க்கக் குழாயடி வரிசையில் கூட நிற்பவரின் வார்த்தையையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக அடுத்த குடத்துக்காரியாக நின்றவளை விட ஒருவரின் இருப்புக்கு நல்ல சாட்சி யார்? ரசீதை மட்டும் நம்பும் அதிகாரிகளுக்கு இது விளங்குவது கஷ்டம். 1986ல் மக்கள் தாங்களே எண்ணியதை ஒரு முறை பார்த்த ஊர் இது என்பதால் கேட்பவர்களுக்கு அது பெரிய வேண்டுதலாகத் தெரியவில்லை.

கணக்கெடுப்பவர்கள் வந்துபோன வீடுகளின் கதவில் எண் விழுகிறது. எண் விழுந்த கதவுகளின் வழியாகவும், ஆவணம் தேடி ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கும் கதவுகளின் வழியாகவும் விடியற்காலையில் அதே குடங்கள்தான் வெளியே வருகின்றன. தண்ணீர் நிற்பதற்குள் மாடிக்காரி ஏழு தடவை ஏணி ஏறி இறங்க வேண்டும்.